விரதம் இருந்தால் புற்றுநோய் செல் அழியுமா? ஆட்டோஃபேஜி ஆய்வு கடந்து வந்த பாதை

ஏகாதசி வந்தாலும் சரி, ரமலான் நோன்பு வந்தாலும் சரி, ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் தவறாமல் சுற்றத் தொடங்கிவிடுகிறது. வெறும் வயிற்றோடு இருந்தால் உடம்பு தன்னிடமுள்ள புற்றுநோய் செல்களைத் தானே தின்று தீர்த்துவிடுமாம். இதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரருக்குத்தான் 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்களாம். இது உண்மையா, உண்மை என்றால் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோபல் பரிசு உண்மை. அந்த ஆய்வில் பட்டினி இருந்ததும் உண்மை. ஆனால் பட்டினி கிடந்தது ஈஸ்ட். புற்றுநோய் செல்லைத் தின்னும் பகுதி மட்டும் வழியில் யாரோ சேர்த்தது.

ஆட்டோஃபேஜி என்பது ஒரு செல் தன் உள்ளே இருக்கும் பழுதான, உபரியான பாகங்களை இரட்டைச் சவ்வால் சுற்றிப் பொதிந்து, லைசோசோம் என்ற செரிமானப் பைக்குக் கொண்டுபோய்ச் செரித்து, கிடைக்கும் அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் மறுபடி எடுத்துக்கொள்வது. ஒரு செல் பக்கத்துச் செல்லைத் தின்பது இதில் கிடையாது. எந்தச் செல்லுக்குள் நடக்கிறதோ, லாபம் அந்தச் செல்லுக்கு. ஈரல் செல்லில் நடந்தால் ஈரல் செல் பிழைக்கிறது. கணையப் புற்றுச் செல்லில் நடந்தால் கணையப் புற்றுச் செல் பிழைக்கிறது. இவ்வளவு எளிமையாக இன்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர ஆய்வாளர்களுக்கு அரை நூற்றாண்டு ஆனது. நடுவில் ஒருமுறை எதிர்த்திசையிலும் போய்வந்தார்கள்.

தொடக்கம் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில். கிறிஸ்டியான் டி டூவ் இன்சுலினைப் புரிந்துகொள்ள எலி ஈரலை அரைத்து, நொதிகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக அவர் அளந்த ஒரு சாதாரண நொதி, ஆசிட் பாஸ்படேஸ், எதிர்பார்த்த அளவில் சொற்பமே தென்பட்டது. அதே மாதிரியைக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்துவிட்டு மறுபடி அளந்தால் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. சோதனையில் ஏதோ கோளாறு என்று கொட்டிவிடாமல் அவர் காரணம் தேடினார். நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை கிழிந்தால்தான் வெளியே வருகிறது என்று தெரிந்தது. 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1963இல் லண்டனில் நடந்த லைசோசோம் கருத்தரங்கில் 'ஆட்டோஃபேஜி' என்ற பெயரையும் அவரே கொடுத்தார். 1974இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. வாட்ஸ்அப் செய்திகளில் அவர் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பட்டினியோடு உள்ள உறவும் அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. சாப்பிடாமல் இருக்கும்போது உடலில் ஏறும் ஹார்மோன் குளுக்ககான். அதை எலி ஈரலுக்குக் கொடுத்துவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த ஆஷ்ஃபோர்டும் போர்ட்டரும், பைகளுக்குள் பாதி செரித்த மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பாகம்) கிடப்பதை 1962இல் படம் பிடித்துக் காட்டினார்கள். அமினோ அமிலம் குறைந்தாலே ஈரல் தன் புரதத்தைத் தானே கரைக்கத் தொடங்குகிறது என்பதை 1977இல் மார்ட்டிமோர் குழு காட்டியது. ஆஸ்லோவில் பெர் செக்லன் இதைப் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றில் இருந்தபடியே ஆராய்ந்தார். ஆட்டோஃபேஜியைக் குறிவைத்துத் தடுக்கும் வேதிப்பொருளான 3-மெத்தில் அடினைனை 1982இல் அடையாளம் காட்டியவர் அவரும் அவருடன் பணியாற்றிய கார்டனும்தான். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் கொடுக்கப்பட்ட எலிகளின் ஈரல் செல்களில் ஆட்டோஃபேஜி குறைந்துபோவதையும் அதே குழு 1980களில் பதிவு செய்தது. புற்றுநோயோடு முதல் முடிச்சு விழுந்த இடங்களில் இது முக்கியமானது. குறைவாகக் கரைக்கும் செல் வேகமாக வளரும், அதனால்தான் புற்றுச் செல் ஆட்டோஃபேஜியைக் குறைக்கிறது என்பது அப்போதைய விளக்கம். நல்ல ஊகம்தான். ஆனால் எந்த மரபணு இதைச் செய்கிறது என்று யாருக்கும் தெரியாததால், அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை.

அந்த மரபணுக்களைக் கொண்டுவந்தவர்தான் யோஷினோரி ஓசுமி. 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தனி ஆய்வகம் கிடைத்தபோது வயது 43. சிறிய ஆய்வகம். ஈஸ்ட் செல்லுக்குள் வாக்குவோல் என்றொரு பெரிய பை உண்டு; நம் லைசோசோமுக்கு இணையானது. அப்போது அதைச் செல்லின் குப்பைக்குழி என்று நினைத்துப் பெரிதாக யாரும் சீண்டவில்லை. போட்டி இல்லாத இடம் என்பதாலேயே அதை எடுத்துக்கொண்டதாக ஓசுமி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் செய்த சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஈஸ்ட் மிகச் சிறியது. அதன் வாக்குவோலுக்குள் ஏதாவது வந்து சேர்ந்தாலும் உடனே செரித்துவிடும். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. அதனால் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்தார். நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் போட்டுப் பட்டினி போட்டார். செரிமானம் நின்றுபோனாலும் வரத்து நடந்தால் உள்ளே குவிய வேண்டும் அல்லவா? அரை மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் தென்படத் தொடங்கின. தெளிவான திரவத்துக்குள் அவை ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. சில மணி நேரத்தில் பை நிறைந்துவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு சாதாரண நுண்ணோக்கி, சரியான ஈஸ்ட் வகை, அவ்வளவுதான். அந்தக் கட்டுரை 1992இல் வந்தது.

அடுத்த வேலை இன்னும் நேரடியானது. ஈஸ்டின் மரபணுக்களைக் கண்டபடி சிதைத்து, பட்டினி போட்டும் உருண்டை சேராத செல்கள் எவை என்று தேடுவது. ஓசுமியின் மாணவி மிகி சுகாடா ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளைச் சலித்தெடுத்தார். 1993இல் 15 மரபணுக்கள் கிடைத்தன. ஜெர்மனியில் தும், அமெரிக்காவில் கிளியோன்ஸ்கி இருவரும் வேறு வழிகளில் வந்து கிட்டத்தட்ட அதே மரபணுக்களில் முட்டினார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்திருந்ததால் வந்த குழப்பத்தை 2003இல் எல்லாரும் கூடி ஏடிஜி என்ற பொதுப் பெயரில் தீர்த்தார்கள். 1998இல் ஓசுமியின் ஆய்வகத்தில் இருந்த நோபோரு மிசுஷிமா இதே ஏற்பாடு மனிதச் செல்லிலும் இருப்பதைக் காட்டினார். 2016 நோபல் இதற்காகத்தான். பரிசுக் குறிப்பில் விரதமும் இல்லை, புற்றுநோய்ச் சிகிச்சையும் இல்லை.

புற்றுநோய் வாசலுக்கு இந்த ஈஸ்ட் மரபணுக்களைக் கொண்டுபோனவர் பெத் லெவின். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வைரஸ் தொற்றைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களைத் தேடியபோது புதிதாக ஒன்று சிக்கியது. அதற்கு பெக்லின் 1 என்று பெயரிட்டார். வரிசையை ஒப்பிட்டால் அது ஈஸ்டின் ஆட்டோஃபேஜி மரபணு ஒன்றின் உறவு. அதைவிட முக்கியமானது, அது இருந்த இடம். மனிதனின் 17ஆம் குரோமோசோமில் மார்பகம், சினைப்பை, புரோஸ்டேட் புற்றுகளில் அடிக்கடி தொலைந்துபோகும் ஒரு துண்டு உண்டு. பெக்லின் 1 அங்கேதான் உட்கார்ந்திருந்தது. இரண்டு பிரதியில் ஒன்று இல்லாமல்போவது, புற்றின் வகையைப் பொறுத்து, 40 முதல் 75 சதவீதக் கட்டிகளில் என்று கணக்கிட்டார்கள். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களில் பெக்லின் 1 மிகக் குறைவு. அதைத் திரும்பக் கொடுத்தபோது ஆட்டோஃபேஜி ஏறியது, சுண்டெலிகளில் அந்தச் செல்கள் கட்டியாக வளர்வது குறைந்தது. 1999இல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்தக் கட்டுரையோடுதான் 'ஆட்டோஃபேஜியும் புற்றுநோயும்' ஒரு தனித் துறையாகவே பிறந்தது எனலாம்.

2003இல் லெவின் குழுவும் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஹெயின்ட்ஸ் குழுவும் தனித்தனியே ஒரே சோதனையைச் செய்தன. பெக்லின் 1 ஒரு பிரதி மட்டும் உள்ள சுண்டெலிகளை வளர்த்தார்கள். வயதாக ஆக அவற்றுக்கு ரத்தப் புற்று, ஈரல் கட்டி, நுரையீரல் கட்டி எல்லாம் தானாகவே வந்தன. ஆட்டோஃபேஜி புற்றுநோயைத் தடுக்கும் காவல் என்ற முடிவு அப்போது எல்லாருக்கும் இயல்பாகவே பட்டது. உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் வேர் எங்கேயாவது அறிவியலில் இருக்கிறது என்றால் அது இங்கேதான், 1999க்கும் 2003க்கும் நடுவில்.

அந்தக் கதையில் ஓட்டை விழுந்ததும் இதே மரபணுவில்தான். 17ஆம் குரோமோசோமில் பெக்லின் 1க்குப் பக்கத்து வீடு பிஆர்சிஏ1. மார்பகப் புற்றுக்குப் பேர்போன மரபணு. துண்டு தொலையும்போது இரண்டும் சேர்ந்தே தொலையும். அப்படியென்றால் குற்றவாளி யார்? ஆயிரக்கணக்கான கட்டிகளின் மரபணுத் தொகுப்பை அலசிய அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குழுவின் கட்டுரை 2014இல் வந்தது. பெக்லின் 1 தனியாகத் தொலைந்ததற்கோ, குறிவைத்துச் சிதைந்ததற்கோ அதில் சான்று கிடைக்கவில்லை. பிஆர்சிஏ1 போகும்போது கூடவே இழுத்துச் செல்லப்பட்டதாகத்தான் தெரிந்தது. மற்ற ஏடிஜி மரபணுக்களும் மனிதப் புற்றுகளில் பெரும்பாலும் முழுசாகவே இருக்கின்றன. உண்மையான காவல் மரபணு என்றால், புற்றைத் தடுப்பதில் பேர்போன பி53 போல, கட்டிகள் அதைத் தேடித் தேடி உடைத்திருக்க வேண்டும். லெவின் தரப்பு இதை முழுதாக ஏற்கவில்லை. பெக்லின் 1 குறைந்த மார்பகப் புற்றுகளில் நோயின் போக்கு மோசமாக இருப்பதை 2015இல் காட்டினார்கள். என் கணிப்பில் பிஆர்சிஏ1 விளக்கத்துக்கே எடை அதிகம். லெவின் 2020இல், 60 வயதில், மார்பகப் புற்றுநோயாலேயே இறந்தார். இந்தத் துறையில் இருக்கும் பலரும் அவர் போட்ட பாதையில்தான் இன்னும் நடக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ஐலீன் வைட்டின் ரட்கர்ஸ் ஆய்வகம் கட்டியின் நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேகமாக வளரும் கட்டிக்கு ரத்தக் குழாய் போய்ச் சேர்வதில்லை. நடுவில் ஆக்சிஜனும் இல்லை, சத்தும் இல்லை. அந்த இடத்தில் செல்கள் உயிரோடு இருப்பது எப்படி? ஆட்டோஃபேஜி அங்கேதான் மும்முரமாக நடக்கிறது என்று 2006இல் காட்டினார்கள். அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது: ஆட்டோஃபேஜியை நிறுத்தினால் செல்கள் அழுகிச் செத்து, அழற்சி உண்டாகி, கட்டி வளரவும் அது இடம் கொடுக்கலாம். ஒரே கட்டுரையில் இரண்டு முகமும் இருந்தது. படித்த பலர் தங்களுக்குப் பிடித்த முகத்தை மட்டும் மேற்கோள் காட்டினார்கள்.

பிறகு ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2011இல் மிசுஷிமா குழு ஏடிஜி5 மரபணுவைச் சுண்டெலிகளின் உடல் முழுக்க அங்கங்கே திட்டுத்திட்டாக நீக்கியது. ஆட்டோஃபேஜி வெறும் காவல் என்றால் எல்லா உறுப்பிலும் புற்று வர வேண்டும். வந்தது ஈரலில் மட்டும். அதுவும் எல்லாம் சாதுவான கட்டிகள். ஒன்றுகூடப் பரவும் புற்றாக மாறவில்லை. கட்டி தொடங்குவதை ஆட்டோஃபேஜி தடுக்கிறது, ஆனால் தொடங்கிய கட்டி கொடிய புற்றாக முன்னேற அதே ஆட்டோஃபேஜி தேவைப்படுகிறது என்று இதைப் படிக்கலாம். பழுதான மைட்டோகாண்ட்ரியாவையும், பி62 என்ற புரதத்தையும் அகற்றாமல் விட்டால் செல்லுக்குள் அழுத்தம் கூடி மரபணுச் சேதம் ஏறுகிறது. தொடக்கத்தைத் தடுப்பது இந்தத் துப்புரவு. முன்னேற்றத்துக்கு உதவுவது, பஞ்சத்தில் சாப்பாடு போடும் அதன் மற்றொரு வேலை.

இந்த இடத்தில் அளவிடும் முறையைப் பற்றிச் சொல்லாமல் போனால் 2000களின் குழப்பம் புரியாது. அந்த நாட்களில் வாரத்துக்கு ஒரு கட்டுரை வந்தது: இன்ன மருந்து கொடுத்தோம், செல்லுக்குள் ஆட்டோஃபேஜிப் பைகள் பெருகின, செல் செத்தது, ஆகவே ஆட்டோஃபேஜி புற்றைக் கொல்கிறது. தமோக்சிஃபென், ஆர்சனிக், டெமோசோலோமைடு என்று மருந்துப் பட்டியல் நீண்டது. பைகள் பெருகுவது எதைக் காட்டுகிறது? தெருவில் குப்பை லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்றால், இன்று லாரிகள் அதிகம் ஓடுகின்றன என்றும் சொல்லலாம், கிடங்கின் கேட்டை மூடிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். புகைப்படம் ஒன்றுதான்.

ஆய்வகத்தில் இதைப் பிரித்தறிவது எப்படி என்றால், எல்சி3 என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். பை உருவாகும்போது இந்தப் புரதத்தில் ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு ஒட்டிய வடிவம், புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் வேகமாக ஓடுவதால் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று இரண்டு தெரியும். கீழ்ப் பட்டை தடித்தால் பைகள் அதிகம். ஆனால் அது போதாது. லைசோசோமை முடக்கும் பாஃபிலோமைசினைத் தனியாக ஒரு தட்டிலும், மருந்தோடு சேர்த்து இன்னொரு தட்டிலும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்த தட்டில் கீழ்ப் பட்டை இன்னும் தடித்தால் மருந்து உண்மையிலேயே வரத்தைக் கூட்டியிருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் மருந்து செய்தது அடைப்பு மட்டும்தான். இந்த ஒரு தட்டு இல்லாத கட்டுரைகள் எத்தனையோ. கிளியோன்ஸ்கி 2008இல் அளவீட்டு வழிகாட்டி ஒன்றைத் தொகுத்து வெளியிட நேர்ந்தது இதனால்தான். 2016 பதிப்பில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் ஆசிரியர்களாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். க்ரோமரும் லெவினும் 2008இல் 'ஆட்டோஃபேஜியால் சாவு' என்ற கருத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். பெரும்பாலான சமயம் சாகும் செல் கடைசி வரை பிழைக்கப் போராடுகிறது, நாம் பார்க்கும் பைகள் அந்தப் போராட்டம் என்பது அவர்கள் வாதம்.

திசை முழுதாகத் திரும்பிய ஆண்டு 2011. பாஸ்டனில் அலெக் கிம்மல்மேன் குழு கணையப் புற்றுச் செல்களில் ஆட்டோஃபேஜி எந்தப் பட்டினியும் இல்லாமலே எப்போதும் உச்சத்தில் ஓடுவதைக் காட்டியது. நிறுத்தினால் கட்டி வளரவில்லை. அதே ஆண்டு வைட் குழு, செல்லை வளரச் சொல்லும் ராஸ் மரபணு கெட்டுப்போன புற்றுகள் ஆட்டோஃபேஜிக்கு அடிமையாகவே இருக்கின்றன என்றது. 2013இல் அதே குழு நுரையீரல் புற்று வரும் சுண்டெலிகளில் ஏடிஜி7 மரபணுவை நீக்கியபோது, புற்றாக வளர வேண்டியது பழுதான மைட்டோகாண்ட்ரியா அடைத்துக்கொண்ட, வீரியம் குறைந்த கட்டியாகவே நின்றுபோனது. உடனே சண்டையும் வந்தது. கிளாஸ்கோவில் கெவின் ரயன் குழு 2013இல், பி53 இல்லாத கணையப் புற்றுச் சுண்டெலிகளில் ஆட்டோஃபேஜியை நிறுத்தினால் புற்று இன்னும் வேகமாக வருகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதியது. நோயாளிகளுக்கு ஆட்டோஃபேஜியை நிறுத்தும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கம் போயிருக்கும். கிம்மல்மேன் 2014இல் பதில் சொன்னார்: மனிதர்களில் பி53 கருவிலேயே இரண்டு பிரதியும் இல்லாமல் போவதில்லை, கட்டி வளரும் வழியில் போகிறது, சுண்டெலியையும் அப்படி அமைத்தால் ஆட்டோஃபேஜியைத் தடுப்பது வேலை செய்கிறது. எனக்கு இரண்டாவது அமைப்பே மனித நோய்க்கு நெருக்கமாகப் படுகிறது, ஆனால் முதல் முடிவு தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

விரதத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை 2014இல் வைட் ஆய்வகத்தில் நடந்தது. வளர்ந்த சுண்டெலிகளுக்கு முதலில் நுரையீரல் புற்று வரவைத்தார்கள். பிறகு உடல் முழுக்க ஏடிஜி7 மரபணுவை ஒரே நேரத்தில் அணைத்தார்கள். கட்டிகள் சுருங்கின, அந்தச் சமயத்தில் மற்ற உறுப்புகள் பெரிதாகக் கெடவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் நரம்புகள் சிதைந்து சுண்டெலிகள் இறந்தன. இந்தச் சுண்டெலிகளுக்குச் சாப்பாட்டை நிறுத்தினால் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ரத்தச் சர்க்கரை சரிந்து செத்தன. பிறந்த குட்டிகளிலும் இதே கதைதான் என்று மிசுஷிமா குழு 2004இலேயே காட்டியிருந்தது. நஞ்சுக்கொடி அறுந்து தாய்ப்பால் கிடைக்கும் வரையிலான அந்தச் சில மணி நேரத்தை ஆட்டோஃபேஜி இல்லாத குட்டிகளால் கடக்க முடியவில்லை. பட்டினியில் ஆட்டோஃபேஜி ஏறுவது உடம்பு நோயோடு சண்டை போடுவதற்காக அல்ல, சாப்பாடு வரும்வரை தாக்குப்பிடிப்பதற்காக.

மருத்துவமனைக்கு வந்தால், மருத்துவர்கள் நோயாளிகளில் முயன்று பார்த்தது பெரும்பாலும் ஆட்டோஃபேஜியை நிறுத்துவது. கையில் இருந்த மருந்து நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின். இவை லைசோசோமுக்குள் நுழைந்ததும் அமிலத்தில் சிக்கிக்கொண்டு வெளியேற முடியாமல் குவிந்துவிடும். லைசோசோம் உப்பி வேலை நின்றுபோகும். 2006இல் மெக்சிகோவில் சோத்தேலோ குழு 30 மூளைப் புற்று நோயாளிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு குளோரோகுயின் கொடுத்தது. சராசரி ஆயுள் 24 மாதம், கொடுக்காதவர்களுக்கு 11 மாதம். கேட்க அற்புதம், ஆனால் எண்ணிக்கை சிறிது, வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. அவர்கள் ஆட்டோஃபேஜியை நினைத்து அந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. 2007இல் பென்சில்வேனியாவில் ரவி அமராவதி சுண்டெலிகளின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றில் இதை ஆட்டோஃபேஜியோடு நேரடியாக இணைத்துக் காட்டிய பிறகுதான் பல மையங்களில் பரிசோதனை தொடங்கியது.

முடிவுகள் சுமார்தான். கணையப் புற்று முற்றிய 20 பேருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினை மட்டும் கொடுத்ததில் இரண்டு மாதம் கழித்து நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 2 பேர். 112 பேர் கலந்துகொண்ட கணையப் புற்றுப் பரிசோதனையின் முடிவு 2019இல் வந்தது. கீமோவோடு இந்த மருந்தையும் சேர்த்தவர்களில் கட்டி சுருங்கியது 38 சதவீதத்தினருக்கு, சேர்க்காதவர்களில் 21 சதவீதத்தினருக்கு. ஆனால் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் மருந்து சேர்த்த பக்கம் 41 சதவீதம், சேர்க்காத பக்கம் 49 சதவீதம். பரிசோதனை எதைக் காட்டப் புறப்பட்டதோ அதைக் காட்டவில்லை. மனிதர் தாங்கக்கூடிய அளவில் இந்த மருந்து கட்டிக்குள் ஆட்டோஃபேஜியை முழுதாக நிறுத்துகிறதா என்பதே சந்தேகம். இதற்கு நடுவில், ஆட்டோஃபேஜியை ஏற்றும் ராபமைசின் குடும்பத்து டெம்சிரோலிமஸ் 2007இலேயே சிறுநீரகப் புற்றுக்கு அனுமதி பெற்றுவிட்டது. ஏற்றும் மருந்தையும் நிறுத்தும் மருந்தையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுத்த பரிசோதனைகூட நடந்திருக்கிறது. முரணாகத் தோன்றும். டெம்சிரோலிமஸ் வளர்ச்சிச் சமிக்ஞையை வெட்டுகிறது, தப்பிக்கக் கட்டி ஆட்டோஃபேஜியை நாடுகிறது, அந்தக் கதவையும் சாத்தலாம் என்பதுதான் கணக்கு. ராஸ் பாதையைத் தடுக்கும் மருந்துகளோடு ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சேர்க்கும் 2019இன் ஆய்வுகளிலும் இதே கணக்குதான்.

அண்மை ஆய்வுகள் கட்டிக்கு வெளியேயும் பார்க்கின்றன. கட்டியைச் சுற்றியுள்ள சாதாரணச் செல்கள் தங்களைக் கரைத்து அலனைனைக் கட்டிக்கு ஊட்டுகின்றன. கணையப் புற்றுச் செல், தன்னை நோயெதிர்ப்புச் செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் எம்எச்சி புரதத்தை ஆட்டோஃபேஜியால் செரித்து மறைந்துகொள்கிறது என்று கிம்மல்மேன் குழு 2020இல் காட்டியது. ஆனால் பாரிஸில் க்ரோமர் குழு 2011இலேயே, சில கீமோ மருந்துகளால் சாகும் செல் நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கூப்பிட ஆட்டோஃபேஜி தேவை என்று எழுதியிருந்தது. இரண்டும் வெவ்வேறு புற்று, வெவ்வேறு சூழல். ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட முடியாது.

இனி விரதம். சுண்டெலிகளில் பட்டினி கீமோவின் வேலையைக் கூட்டுகிறது என்று கலிஃபோர்னியாவில் லோங்கோ குழு 2012இல் காட்டியது உண்மைதான். அதில் முன்னிறுத்தப்பட்ட காரணம் ஆட்டோஃபேஜி அல்ல. இன்சுலின் போன்ற வளர்ச்சி ஹார்மோன்கள் குறைவது. நெதர்லாந்தில் 131 மார்பகப் புற்று நோயாளிகளில் கீமோவுக்கு முந்தைய மூன்று நாளும் கீமோ நாளன்றும் மட்டும் விரதம் போன்ற உணவுமுறையைச் சோதித்தார்கள். ஸ்கேனில் கட்டி சுருங்கியது கொஞ்சம் அதிகம், அறுவைக்குப் பின் புற்றுச் செல் அறவே இல்லாதவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை, பக்கவிளைவும் குறையவில்லை. பாதிக்கு மேற்பட்டோரால் அந்த உணவைக் கடைசி வரை தொடர முடியவில்லை. 'லங்கணம் பரம ஔஷதம்', அதாவது பட்டினியே சிறந்த மருந்து, என்று சொன்னவர்கள் அஜீரணத்தையும் காய்ச்சலையும் மனதில் வைத்துச் சொன்னார்கள்; அவர்கள் தலையில் கீமோவைக் கட்ட வேண்டாம்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு வருகிறேன். பதினாறு மணி நேரத்தில் ஆட்டோஃபேஜி 'ஆன்' ஆகிறது என்று படம் போட்டுப் பரப்புகிறார்கள். ஆட்டோஃபேஜி எப்போதும் கொஞ்சம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. உயிரோடு இருக்கும் மனிதரின் ஈரலிலோ கட்டியிலோ அது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அமராவதியின் பரிசோதனைகளில்கூட ரத்தத்தின் வெள்ளணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பைகளை எண்ணித்தான் ஊகித்தார்கள். சுண்டெலிக் கணக்கையும் நமக்குப் பொருத்த முடியாது. 25 கிராம் உள்ள பிராணிக்கு ஒரு நாள் பட்டினி என்பது நமக்குப் பல நாள் பட்டினிக்குச் சமம். உறுப்புக்கு உறுப்பும் மாறுகிறது: மிசுஷிமாவின் 2004 ஆய்வில் ஒரு நாள் பட்டினியில் தசையில் ஆட்டோஃபேஜி நன்றாக ஏறியது, மூளையில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஆரோக்கியமாக இருப்பவர் பழக்கப்பட்ட விரதத்தைத் தாராளமாகத் தொடரலாம். வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்து அவர்களுக்காகக் கேட்டிருந்தால் விஷயம் வேறு. புற்றுநோயில் எடையும் தசையும் தானாகவே கரைகின்றன. எடை குறைந்தால் கீமோவின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரிடும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குப் பட்டினி அன்றைக்கே ஆபத்து. விரதம் இருந்தே தீருவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், கீமோ தேதிக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடமும் உணவு ஆலோசகரிடமும் சொல்லுங்கள். கடந்த மூன்று மாத எடைக் கணக்கை எழுதி எடுத்துப் போனால் அவர்கள் உடனே ஒரு முடிவு சொல்வார்கள்.